பிள்ள திரும்பல்ல, சிசேரியன் எண்டு சொல்லிட்டாங்க

களுவாஞ்சிக்குடி_மருமகள்:
அக்காமாரே, எனக்கு முதல் பிள்ள, 36 கிழம முடிஞ்சிட்டு. ஸ்கான்ல பிள்ளைட தல மேல, குண்டி கீழ இரிக்காம். திரும்பாட்டி 39ல சிசேரியனாம். மாமி ஒரே சொல்றா, வெட்டினா பிறகு பாரம் தூக்க ஏலாது, அடுத்ததும் வெட்டித்தான் எடுக்கணும் எண்டு. உண்மையா? ராவெல்லாம் நித்திர இல்ல.

கல்முனை_நேர்ஸ்:
தங்கச்சி பயப்படாதீங்க. இன்னும் சில பிள்ள தானாத் திரும்பும். இல்லாட்டி டொக்டர் வயித்துக்கு மேலால கையால அமத்தித் திருப்பிப் பாக்கலாம், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சரிவரும், ஆனா நச்சுக்கொடி கர்ப்பப்பை வாசல மூடிக் கிடந்தா, கிட்டடியில ரத்தம் போயிருந்தா செய்ய மாட்டாங்க. உங்கட வி.ஓ.ஜி.ட (பிள்ளப்பேறு ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்ட) கட்டாயம் கேளுங்க. உடம்பு முதல் வந்து தல மாட்டுப்பட்டாலோ, தொப்புள்கொடி முந்தி விழுந்தாலோ நிமிசக் கணக்குல பிள்ளைக்கு ஆபத்து, அதுக்குத்தான் சிசேரியன். 39 வரைக்கும் வைக்கிறது ஏனெண்டா முந்தி எடுத்தா பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வாற சான்ஸ் கூட. சில பேர் நல்ல நாள் நட்சத்திரம் பாத்து முந்தி வெட்டச் சொல்லுவாங்க, எனக்குக் கோவம்தான் வரும். இது பெரிய ஒப்பரேசன், ரத்தப்போக்கு, காயம் பழுக்கிறது, கால்ல ரத்தம் கட்டுறது எல்லாம் வரலாம், அதாலதான் அடுத்த நாளே எழும்பி நடக்கச் சொல்லுவோம். பத்தியம் எண்டு தண்ணியக் கொறச்சிராதீங்க. திகதிக்கு முந்தி தண்ணிக்குடம் உடைஞ்சா, வலி வந்தா நேரத்தப் பாக்காம ஆஸ்பத்திரிக்கு வந்திரணும்.

அக்கரைப்பற்று_ராத்தா:
எனக்கு மூத்தவன் சிசேரியன், வலி நேரம் பிள்ளைட இதயத்துடிப்பு கொறஞ்சிட்டு. ரெண்டாவது நோர்மல். ஒரு சிசேரியனுக்குப் பிறகு நோர்மலுக்குப் பாக்கிற நாலு பேர்ல மூணு பேருக்குக் கிட்ட சரிவருது, பழைய தையல் பிரியிறது 200ல ஒண்டு அளவு, அதால ஒப்பரேசன் தியேட்டர் உள்ள பெரியாஸ்பத்திரியிலதான் பாக்கணும். ஆனா ஒவ்வொரு சிசேரியனோடயும் நச்சுக்கொடி பழைய தழும்புல ஒட்டிப் பிடிக்கிற ஆபத்து கூடும், நாலஞ்சு பிள்ள வேணும் எண்டுற வீட்டுல ஆம்பிளையலும் இத அறிஞ்சிருக்கணும். பாரம் ஆறு கிழமைக்குத்தான், பிள்ளையத் தவிர வேற ஒண்டும் தூக்காதீங்க.

களுவாஞ்சிக்குடி_மருமகள்:
பெரிய உதவி. சிசேரியனுக்கு விறைக்க முதுகில ஊசி போட்டா காலம் முழுக்க முதுகு நோகுமாமே?

கல்முனை_நேர்ஸ்:
இல்ல தங்கச்சி. ஊசி போட்ட இடம் கொஞ்ச நாள் நோகும், சில பேருக்குத் தலையிடி வரும், எழும்பி இருந்தா கூடும், படுத்தாக் கொறையும், அப்பிடி வந்தா வார்ட்டுல சொல்லுங்க, மருந்து இரிக்கு. மற்ற முதுகு நோவு சிசேரியன் இல்லாதவங்களுக்கும் வாறதுதான், தூக்கிறது, குனிஞ்சு பால் குடுக்கிறது. அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிட்டுப் போங்க, டொக்டர்ட நேர கேக்கட்டும்.