எதிரி வராத கோட்டை

கதிர்: பெரியப்பா, நீங்கள் சொன்ன இத்தாலியப் படத்தைப் பார்த்துவிட்டேன். ‘தார்த்தாரியரின் பாலைவனம்’. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுவரையும் மணலையுமே காட்டுகிறார்கள். எதிரி எங்கே?

பெரியப்பா: எதிரிக்காகக் காத்திருப்பதுதானே தம்பி கதையே! 1976இல் வலேரியோ சுர்லினி எடுத்தது. அவருடைய கடைசிப் படம்.

மீனா: வெள்ளைக் குதிரை வந்தது வரை நினைவிருக்கிறது. பிறகு தூங்கிவிட்டேன்.

பெரியப்பா: அடடா, அங்கேயா தூங்கினாய்! குதிரையைப் பிடிக்கப் போன சிப்பாய் திரும்பி வருகிறான். அடையாளச் சொல் தெரியவில்லை. தன் ஆள் என்று தெரிந்தே சுட்டுவிடுகிறார்கள். தினோ புட்ஸாத்தி 1940இல் எழுதிய மூல நாவலில் இது இன்னும் கொடுமை. காவலில் நிற்பவன் அவனுடைய நண்பன். இவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பக்கத்தில் மேலதிகாரி. நண்பனின் குறி தப்பவில்லை.

கதிர்: ஆளே இல்லாத பாலையில் இவ்வளவு விதிமுறை எதற்கு?

மாமா: ஆளில்லாத இடத்தில்தான் மாப்பிள்ளை விதிமுறை அதிகம். வேறு என்ன வேலை? ஜெய்சல்மேர் எல்லையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். காலையில் வாசல் மணலைக் கூட்டுவோம், மாலைக்குள் காற்று திரும்பக் கொட்டிவிடும். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். ஒரு கல் கோணியிருந்தால் அன்று முழுக்கச் சண்டை.

அத்தை: இரவு யார் யார் சாப்பிட வருகிறீர்கள்? மாவு குறைவாக இருக்கிறது.

மீனா: நான் வருகிறேன் அத்தை. பெரியப்பா, அந்தக் கோட்டை செட்டா?

பெரியப்பா: இல்லையம்மா. ஈரானில் பாம் நகரத்து மண்கோட்டை. முழுக்கச் சுடாத மண்கல். 2003 டிசம்பர் 26 விடியற்காலை நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சரிந்துவிட்டது. ஊரில் 25,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மீனா: சுனாமிக்குச் சரியாக ஓராண்டு முன்பு. அதே தேதி.

கதிர்: கதாநாயகன், அந்த இளம் அதிகாரி ட்ரோகோ, ஏன் கோட்டையை விட்டு ஊருக்குப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பெரியப்பா: நாவலில் மருத்துவர் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கோட்டைச் சுவரைப் பார்க்கிறான். ‘வேண்டாம், நான் நலமாகத்தான் இருக்கிறேன்’ என்றுவிடுகிறான். அவ்வளவுதான், ஆயுள் போயிற்று.

மாமா: எனக்குப் பிடிபடுகிறது. மாறுதல் கேட்டு எட்டு மனு எழுதியவன் நான். உத்தரவு கைக்கு வந்த அன்று, இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நானே கேட்டேன்.

அத்தை: லாரி கிடைக்கவில்லை என்றல்லவா அப்போது கடிதம் எழுதினீர்கள்?

மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

அத்தை: படித்துவிட்டேன்.