கச்சேரிப் பதிவில் சறுக்கலைத் திருத்தலாமா?

கடைசி_வரிசை:
போன சீசனில் நேரில் கேட்ட ஒரு கச்சேரி இப்போது ஆல்பமாக வந்திருக்கிறது. அன்றைக்குக் கல்யாணி ராக ஆலாபனையில் பாடகர் மேல் பஞ்சம சுரத்தைப் பிடிக்கப்போய்ச் சறுக்கினார், சிரித்துக்கொண்டே மறுபடி பிடித்தார், அரங்கமே கைதட்டியது. ஆல்பத்தில் முதல் தடவையே கச்சிதமாக நிற்கிறது. அதற்கு எதற்கு அவ்வளவு கைதட்டல் என்று புதிதாகக் கேட்பவர் முழிப்பார். அட்டையில் 'நேரடிப் பதிவு' என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

ஒலிமேசை:
இதில் என்ன தப்பு? ஒலிப்பதிவுதான் என் தொழில். இருமலை எடுக்கிறோம், மைக்கில் கைபட்ட சத்தத்தை எடுக்கிறோம், யாரும் கேள்வி கேட்பதில்லை. பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக் எழுதிய 'ஃபியூக்' உருப்படி ஒன்றைத் தனித்தனியாக வாசித்த இரண்டு டேக்குகளை ஒட்டித்தான் முடித்தார், அதை 1966இல் அவரே எழுதியும் வைத்தார். அப்போது டேப்பை வெட்டப் பிளேடு, இப்போது மவுஸ்.

தோடிப்பித்தன்:
சார், கூல்ட் ஒட்டிய இரண்டுமே அவர் வாசித்தவை. நீங்கள் செய்வது பாடாத சுரத்தைப் பாடியதாகக் காட்டுவது. அதோடு 1997இல் வந்த, சுருதி திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளை அதன் போக்கில் விட்டால் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, பக்கத்தில் இருக்கும் கட்டத்துக்குக் குரலை இழுக்கும். தோடி ராகத்தின் காந்தார சுரம் எந்தக் கட்டத்தில் உட்காரும்? அது அசைந்தால்தானே காந்தாரம்!

ஒலிமேசை:
தானாக ஓட விட்டால் அப்படித்தான் ஆகும். கர்நாடக சங்கீதத்துக்கு யார் அப்படி விடுகிறார்கள்? மெலோடைன் மென்பொருளில் ஒவ்வொரு சுரமாகக் கையால் தொடுவோம், கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, விட்டுவிட்டு நின்ற சுரத்தை மட்டும் தம்புராவோடு சேர்ப்போம். பெரும்பாலும் பாடகரே கேட்டு வாங்கிக்கொள்வதுதான். ஜலதோஷத்தோடு பாடிய ஒரு ராத்திரி ஆயுசுக்கும் அவர் பெயரில் நிற்க வேண்டுமா?

மேல்_ஷட்ஜம்:
வாக்னரின் 'டிரிஸ்டன்' ஓபராவின் 1952 பதிவில் பாடகி ஃபிளாக்ஸ்டட்டுக்கு எட்டாத மேல் 'சி' சுரங்களை இன்னொரு பாடகி ஷ்வார்ஸ்கோப் பாடிக் கொடுத்தார். அதற்காக அந்தப் பதிவை யாரும் குப்பையில் போடவில்லையே.

கடைசி_வரிசை:
அது ஸ்டுடியோ. யாரும் அதை நேரடிக் கச்சேரி என்று விற்கவில்லை. சரி, இதைக் கேளுங்கள். நேற்று ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன். பாடகர் சறுக்கியபோது வயலின்காரர் நிழல் மாதிரி கூடவே போயிருக்கிறார், பக்கவாத்தியம் என்றால் அதுதானே வேலை. இப்போது குரல் சுத்தமாக நிற்க, வயலின் மட்டும் தனியாகத் தடுமாறுகிறது. கூடவே அடியில் ஒரு மங்கலான பழைய குரல்.

ஒலிமேசை:
அது வயலின் மைக்கில் கசிந்த குரல். குரல் டிராக்கை மட்டும் திருத்திவிட்டு மற்ற மைக்குகளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். மோசமான வேலை, ஒப்புக்கொள்கிறேன். நானாக இருந்தால் வயலினையும் சேர்த்துச் சரிசெய்திருப்பேன்.

தோடிப்பித்தன்:
ஆக, மாட்டிக்கொண்டதுதான் குற்றம்?

ஒலிமேசை:
அப்படிச் சொல்லவில்லை. பாடகர் சம்மதித்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்கிறேன்.

கடைசி_வரிசை:
வயலின்காரரை யாராவது கேட்டார்களா?