ஃபெரில் இரும்பு எக்ஸ்ரேயிலேயே கெட்டுப்போகிறது. எக்ஸ்ரே லேசர்தான் ஒரே வழியா?

ஹீம்_மாணவி:
வணக்கம். ஒரு பெராக்சிடேஸின் (ஹீம் இரும்பு கொண்ட நொதி) படிகங்களை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 100 கெல்வினில் உறையவைத்து, சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்ரே தரும் வளைய இயந்திரம்) தரவு எடுத்தேன். ரிசல்யூஷன் 1.5 ஆங்ஸ்ட்ராம். இரும்பு–ஆக்சிஜன் தூரம் 1.87 வருகிறது. ஃபெரில், அதாவது ஆக்சிஜன் பிணைந்த நான்காம் நிலை இரும்பு, என்றால் 1.65 பக்கத்தில் இருக்க வேண்டும். கதிர் பட்ட இடத்தில் மட்டும் படிகத்தின் நிறமும் மாறிவிட்டது. இத்தனைக்கும் டோஸ் (படிகம் உறிஞ்சிய கதிர்வீச்சு) 30 மெகாகிரேக்கு வெகு கீழேதான். எங்கள் குழுவில் எல்லோரும் "எக்ஸ்ரே லேசருக்கு விண்ணப்பி" என்கிறார்கள். அது உண்மையிலேயே இதைத் தீர்க்குமா?

மாங்கனீசு_பைத்தியம்:
அந்த 30 மெகாகிரே படிகத்தின் ஒழுங்கு குலைவதற்கான வரம்பு. உலோகம் அதற்கு ரொம்ப முன்னாடியே ஒடுக்கமடைந்துவிடும். எக்ஸ்ரே நீரில் கிளப்பிவிடும் எலக்ட்ரான்கள் 100 கெல்வினிலும் நகரும், உங்கள் நான்காம் நிலை இரும்பைத் தேடிப் போய் உட்காரும். டிஃப்ராக்ஷன் படம் (படிகத்தில் சிதறிய எக்ஸ்ரேயின் பதிவு) அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. 1.87 என்பது இரும்பு–ஹைட்ராக்சைடு தூரத்துக்குக் கிட்ட வருகிறது. நிறமும் மாறியிருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் பக்கத்தில், அதாவது தாவரங்களில் தண்ணீரைப் பிளக்கும் ஒளிச்சேர்க்கைத் தொகுதி இரண்டின் மாங்கனீசுக் கொத்தில், இதே கதைதான். 2011-இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில் எடுத்த 1.9 ஆங்ஸ்ட்ராம் கட்டமைப்பு பிரமாதமான வேலை. ஆனால் 2015-இல் சாக்லா எக்ஸ்ரே லேசரில் அதே புரதத்தை எடுத்தபோது சில மாங்கனீசு–மாங்கனீசு தூரங்கள் 0.1 முதல் 0.2 ஆங்ஸ்ட்ராம் வரை குறைந்தன. ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு எப்படி உருவாகிறது என்று வாதாடுகிறவர்களுக்கு அது மலையளவு வித்தியாசம்.

லேசர் துடிப்பு சில பத்து ஃபெம்டோ விநாடிதான். அணுக்கள் நகரத் தொடங்கும் முன் சிதறல் பதிவாகிவிடும், படிகம் அப்புறம் சிதறினால் நமக்கென்ன. ஆனால் இது மந்திரம் இல்லை. ஃபெர்ரிடாக்சின் என்ற புரதத்தின் இரும்பு–கந்தகக் கொத்துகளை 80 ஃபெம்டோ விநாடித் துடிப்பால், மிகக் கூர்மையாகக் குவித்து அடித்தபோது துடிப்புக்குள்ளேயே சேதம் தெரிந்தது. துடிப்பு குறுகியதாக இருக்கட்டும், குவியத்தில் பேராசை வேண்டாம்.

என் பிடிவாதம் ஒன்று: பிணைப்பு நீளத்தை மட்டும் காட்டி ஆக்சிஜனேற்ற நிலையைச் சொல்லாதீர்கள். அதே துடிப்பில் டிஃப்ராக்ஷனோடு கே-பீட்டா உமிழ்வையும் (இரும்பே வெளிவிடும் எக்ஸ்ரே கோடு) எடுக்கலாம். இரும்பின் உறிஞ்சு விளிம்பு 7.11 கிலோ எலக்ட்ரான் வோல்ட், படும் கதிர் அதற்கு மேலே இருந்தால் போதும். இந்த லேசர்களின் ஆற்றல் துடிப்புக்குத் துடிப்பு ஆடும், அதனால் உறிஞ்சு நிறமாலைக்குப் படாத பாடு. உமிழ்வுக்கு அந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. கோட்டின் இடமும் வடிவமும் இரும்பின் சுழல் நிலையைச் சொல்லும், அதிலிருந்து நிலையைக் கணிக்கலாம்.

பழைய_படிகக்காரர்:
லேசர் நல்லதுதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை நேராக அங்கே அனுப்ப வேண்டுமா? முதலில் பல படிகங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சிறு டோஸில் சில டிகிரி மட்டும் எடுத்துச் சேர்க்கட்டும். பெராக்சிடேஸ்களில் இப்படித்தான் ஒடுக்கத்தைப் படிப்படியாகப் பார்த்தார்கள். டோஸ் ஏற ஏற தூரம் எப்படி நீள்கிறது என்று வரைந்து, பூஜ்ஜிய டோஸுக்கு நீட்டிப் பார்க்கலாம். கூடவே, பீம்லைனிலேயே (கதிர் வந்து சேரும் சோதனை நிலையம்) ஒற்றைப் படிகத்தின் புற ஊதா–காண்புறு நிறமாலையைக் கதிர் படும் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தைப் படிக்கும் குழு முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

ஹீம்_மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. நிறமாலை எடுக்க வசதி இருக்கிறது. ஒரு பயம்: லேசருக்கு நுண்படிகங்கள் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள். எங்கள் நொதி அவ்வளவு கிடைக்காது.

மாங்கனீசு_பைத்தியம்:
அது நுண்படிகங்களைத் திரவ ஜெட்டில் ஓடவிடும் முறைக்கு. அங்கே பெரும்பாலான படிகங்கள் கதிரையே பார்க்காமல் வடிகாலுக்குப் போகும், பார்த்தால் வயிறு எரியும். உங்களிடம் இருப்பது உறைந்த இடைநிலை, நேரத்தைப் பின்தொடர வேண்டியதில்லை. அதனால் ஜெட்டே வேண்டாம். சாக்லாவில் செய்ததும் பெரிய உறைந்த படிகங்கள்தான்: ஒரு துடிப்பு, கொஞ்சம் நகர்த்தி, சேதம் படாத புது இடத்தில் அடுத்த துடிப்பு. சில டஜன் நல்ல படிகங்களை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம். உமிழ்வு சிக்னல் போதுமான அளவு வருமா என்பதை மட்டும் பீம்லைன்காரர்களிடம் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

டோஸ் வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள். ஐயா சொன்னதில் எனக்கும் உடன்பாடே, அது இல்லாமல் அனுப்பாதீர்கள்.