தாழ்வு மண்டலம் என்று சொன்ன அன்றைக்கே ஊரில் முடிக்க வேண்டியவை

வெளிநாட்டில் இருக்கும் அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தாலே நம் ஊர்க் குழுவில் வரும் முதல் கேள்வி, "புயலுக்குப் பேர் வச்சாச்சா?" என்பதுதான். பேர் வைக்கும்வரை காத்திருக்காதீர்கள். காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்ட பிறகுதான் வானிலைத் துறை பேர் வைக்கும். நம் கரைக்கு அருகில் உருவாகும் புயல் என்றால் அதற்கப்புறம் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் மிஞ்சும். அந்த நேரத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காது; கூரை கட்ட ஆணியும் கம்பியும் கடையில் இருக்காது.

படிகளைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று 31 முதல் 49 கி.மீ. என்றால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 புயல். 89 முதல் 117 தீவிர புயல். அதற்கு மேல் அதி தீவிர புயல். காற்றின் வேகம் இரு மடங்கானால் கூரைமேல் விழும் விசை நான்கு மடங்காகும். 60-க்குத் தாங்கிய கொட்டகை 120-க்குத் தாங்கும் என்று நம்பவே கூடாது.

புயல் வளரக் கடல்நீர் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல், அதுவும் மேலாக மட்டுமன்றி ஓரளவு ஆழம்வரை சூடாக இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 டிகிரியாவது விலகியிருந்தால்தான் சுழற்சி பிடிக்கும். கீழே வீசும் காற்றும் மேலே வீசும் காற்றும் வேறு வேறு திசையில் இழுத்தால் மேகக் கூட்டம் சாய்ந்து கலைந்துவிடும். கார்த்திகையில் வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று உள்ளே புகுந்து, கரைக்கு அருகில் புயல் வலுவிழப்பதும் உண்டு. அதை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இரண்டு குழப்பங்கள் வருகின்றன. ஒன்று நேரம். அறிக்கையில் 0300 யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஊரில் காலை 8.30, சிங்கப்பூரில் 11.00, துபாயில் 7.00. மற்றது வேகம். நம் வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கக் கடற்படையின் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அதனால் அவர்கள் எண் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். அதைப் பார்த்து "மறைக்கிறார்கள்" என்று குழுவில் எழுத வேண்டாம். ஒரு நாட் (knot) வேகம் என்பது மணிக்கு 1.85 கி.மீ.; அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 111 கி.மீ. மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்.

பேர் பெரிதா சிறிதா என்பதைவிட, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, காற்றால் அழித்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் வெறும் 'புயல்' வகைதான். ஆனால் நகராமல் நின்று கொட்டியதில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. காற்றுக்குச் செய்யும் வேலை வேறு, தண்ணீருக்குச் செய்யும் வேலை வேறு.

முதலில் தென்னை. நம் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் வேர் ஆழமாகப் போகாது. மண் ஊறி, தலைப்பாரமும் சேர்ந்தால் மரம் வேரோடு சாயும். எனவே நான்கைந்து நாள் முன்பே பாசனத்தை நிறுத்தி, வரப்பை வெட்டி வடிகால் விடச் சொல்லுங்கள். முற்றிய காய், இளநீர்க் குலை இரண்டையும் இறக்க வேண்டும். கீழே தொங்கும் மட்டைகளை மட்டும் கழிக்க வேண்டும். குருத்தைச் சுற்றியுள்ள மேல் மட்டைகளில் கை வைக்கக் கூடாது. பச்சை மட்டையை மரத்தை ஒட்டி வெட்டினால் அந்த வெட்டுவாயின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும். நான்கு அடி அடிமட்டை விட்டு வெட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். புயலுக்குத் தப்பிய மரம் ஆறு மாதம் கழித்து வண்டுக்குப் போவது பெரிய கொடுமை.

அடுத்து கூரை. காற்று தகரத்தை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் ஆபத்து. அதிலும் மூலையிலும் ஓரத்திலும் அதிகம். தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டின் நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் துருப்பிடித்துக் காகிதம் போல ஆகியிருந்தால், போல்ட் அப்படியே நிற்கும், தகரம் மட்டும் கிழித்துக்கொண்டு போகும். அதனால் போல்ட்டைப் பார்த்தால் போதாது, வாஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே கம்பியோ தடித்த நைலான் கயிறோ போட்டு, தூணிலோ உத்திரத்திலோ கட்ட வேண்டும். ஈர மண்ணில் அடித்த முளையில் கட்டினால் முளையோடு பிடுங்கும். செங்கல்லைத் தகரத்தின் மேல் வைக்கவே வேண்டாம், அது பறந்து யார் தலையிலாவது விழும். கதவு சன்னல் எல்லாம் சாத்தியிருக்கட்டும். ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையைத் தூக்கும்.

மாடி வீட்டுக்காரர்கள் மழைநீர்க் குழாய் வாயில் கையைவிட்டுச் சருகை எடுக்கச் சொல்லுங்கள். 1000 சதுர அடி மாடியில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் ஒன்பது டன்னுக்கு மேல் பாரம். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் பறக்கும். 1000 லிட்டர் நிரப்பினால் ஒரு டன், அசையாது. மின்சாரம் போனால் போர் மோட்டாரும் ஓடாதே, அந்தத் தண்ணீர்தான் அப்புறம் கைகொடுக்கும். குடிக்கத் தனியாக, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் வீதம் ஒரு வாரத்துக்கு மூடி வைக்க வேண்டும்.

பெரியவர்களுக்குப் பதினைந்து நாள் மாத்திரை, கையில் ரொக்கம், பட்டா, ரேஷன் அட்டை, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். மாடுகளை அவிழ்த்து விட வேண்டும். மரத்தையும் கூரையையும் இப்போதே படமெடுத்துத் தேதியோடு அனுப்பச் சொல்லுங்கள், நிவாரணம் கேட்கும்போது உதவும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

காற்று சட்டென்று அடங்கினால் யாரும் வெளியே வரக் கூடாது. அது புயலின் நடுவே காற்று அடங்கியிருக்கும் கண்பகுதியாக இருக்கலாம். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். ஏற்கெனவே ஆட்டம் கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் விழும்.

ஓய்ந்த பிறகு தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை உடனே போட வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் காய்ந்து, எலக்ட்ரீசியன் சோதித்த பிறகுதான். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் மெயினை இறக்காமல் வீட்டு வயரிங்கில் கொடுத்தால், மின்சாரம் பின்னோக்கிப் போய்க் கம்பத்தில் ஏறி நிற்கும் மின் ஊழியரைக் கொன்றுவிடும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி வீட்டுக்குள் வைத்த பிறகே ஜெனரேட்டரை ஓட்டச் சொல்லுங்கள்.