தொண்டை மருவும் எதுக்களிப்பும்: எங்கள் மகளின் அனுபவம்

வயிற்றைச் சரிசெய்தால் தொண்டையில் மரு திரும்ப வராதா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் மகளுக்கும் இதே நோய்தான், குரல்வளையில் மரு திரும்பத் திரும்ப முளைக்கும். ஊர் கொழிஞ்சாம்பாறை, வைத்தியம் கோயம்புத்தூரில்.

மூன்று வயதில் குரல் கம்ம ஆரம்பித்தது. அப்புறம் அழுதால்கூட வெறும் காற்றுதான் வரும். முதலில் காட்டிய இடத்தில் வீசிங் என்று சொல்லி மாதக்கணக்கில் இன்ஹேலர் கொடுத்தார்கள். வீசிங்கில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வரும். இவளுக்கு உள்ளே இழுக்கும்போது கொர்ரென்று வந்தது. குரல் கம்மலோடு இப்படிச் சத்தமும் இருந்தால் தயவுசெய்து தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஸ்கோப் (கேமராக் குழாய்) விட்டுப் பார்த்ததில் குரல்நாண் மேல் மருக்கள். காரணம் மரு உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸ், அதில் 6, 11 என்ற எண்ணுள்ள வகைகள். ஆபரேஷனில் மருவை எடுத்தாலும் பக்கத்தில் நன்றாகத் தெரிகிற சவ்விலும் வைரஸ் பதுங்கியிருக்கும். அதனால்தான் மறுபடி முளைக்கிறது.

இனி வயிறு. காலையில் எழுந்ததும் இவள் வாய் புளிக்கிறது என்பாள், செருமிக்கொண்டே இருப்பாள். வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் இரவில் குரல்வளை வரை ஏறி வந்து (இதுதான் எதுக்களிப்பு) ஆபரேஷன் புண்ணைக் கிளறலாம் என்று சொல்லி டாக்டர் அமிலத்தைக் குறைக்க மருந்து கொடுத்தார். அவள் அப்பா வாளையாறு தாண்டி வேலை முடித்து வர ஒன்பதரை ஆகிவிடும். அவரோடு உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவாள். அதை நிறுத்தி ஏழு மணிக்கே இட்லியோ கஞ்சியோ கொடுத்தோம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம்.

செருமல் நன்றாகக் குறைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை எரிச்சலும் சீக்கிரம் அடங்கியது. ஆனால் மரு மறுபடியும் வந்தது. ஆபரேஷன்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடியிருப்பது உண்மை. வளர வளரச் சில குழந்தைகளுக்குத் தானாகவே அப்படிக் கூடும் என்பதால் அதை நான் வயிற்றுக் கணக்கில் எழுத மாட்டேன். எதுக்களிப்பு மருவை வளர்க்கிறதா என்பதில் ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை.

முட்டைக்கோஸ் சாறு குடித்தால் மருவுக்குக் கேட்குமா என்றும் எழுதியிருந்தீர்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையிலிருந்து கிடைக்கும் இண்டோல்-3-கார்பினால் என்ற பொருளை இந்த நோய்க்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கேட்டது, சிலருக்கு இல்லை. அது வயிற்று அமிலம் பட்டுத்தான் டிம் என்ற பொருளாக மாறும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற குழந்தைக்கு இதையும் கொடுத்தால் அந்த மாற்றம் சரியாக நடக்காமல் போகலாம். காய் பொரியலாகச் சாப்பிடட்டும். கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். தயிர், மோரும் அப்படித்தான், வயிற்றுக்கு நல்லது. ஆனால் அதை நம்பி ஸ்கோப் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டால் குழந்தைக்கு நேரம் இருக்காது.

சின்னவளுக்கு ஒன்பது வயதானதும் செர்வாவேக் என்ற ஹெச்பிவி தடுப்பூசி போடப்போகிறோம். 6, 11 இரண்டுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

அடுத்த முறை பெவாசிசுமாப் (புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து) பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு அந்த மருந்து கொடுத்தவர்கள் இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.