புதுப்பிப்பு: சாலினிபாக்டர் ரூபரை எப்படி அடையாளம் கண்டார்கள்?

ஸ்பெயின் உப்பளங்களின் சிவப்பு நீரில் வாழும் சாலினிபாக்டர் ரூபர் என்ற நுண்ணுயிரி பற்றி முன்பு எழுதியிருந்தேன். அது ஆர்க்கியா (பாக்டீரியா போலவே தோன்றினாலும் வேறு வம்சத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் நுண்ணுயிரி) இல்லை, பாக்டீரியாதான் என்று எப்படி உறுதிசெய்தார்கள் எனச் சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி.

முதலில் கிடைத்தது உயிரி அல்ல, அதன் மரபணுத் தடயம்தான். சாண்டா போலா உப்பளத்து நீரிலிருந்து நேரடியாக எடுத்த 16எஸ் ஆர்ஆர்என்ஏ (நுண்ணுயிரிகளின் உறவுமுறையை அறிய ஒப்பிடும் மரபணு) வரிசைகளில் சில, பாக்டீரியா பக்கம் கைகாட்டின. அந்த வரிசையில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் இழைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சற்றே வளைந்த கோல் வடிவச் செல்கள் நுண்ணோக்கியில் தெரிந்தன. ஆனால் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்திருக்கவில்லை. அதனால் 2000இல் 'கேண்டிடேட்டஸ்' என்ற அடைமொழியுடன் தற்காலிகப் பெயர்தான் கிடைத்தது. தனியாகப் பிரித்து வளர்த்து, கொழுப்பு வகை, நிறமி, உப்புத் தேவை எல்லாம் சோதித்த பிறகே 2002இல் முறையான பெயர் வந்தது. குறைந்தது 15 சதவீத உப்பாவது இல்லாமல் இது வளராது!

எனக்கு மிகவும் வியப்பு எதில் தெரியுமா? செல்லுக்குள் பொட்டாசியத்தைக் குவித்து உப்பைத் தாங்குவது அப்படியே உப்பு ஆர்க்கியாக்களின் வழி. நிறமும் சிவப்பு, வாழும் இடமும் அதே குளம். வெளித்தோற்றத்தையும் பழக்கத்தையும் மட்டும் நம்பியிருந்தால், இதையும் அந்தக் கூட்டத்திலேயே சேர்த்திருப்பார்கள்.