அணில் புழுவும் ஆட்டுப் புழுவும்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிணற்றுமேடு (பென்னாகரம்):
மூன்று வருடமாக மனதை விட்டுப் போகவில்லை. சித்திரை வெயில். வேலியோரம் ஓர் அணில் செத்துக் கிடந்தது. அதே வாரம் எங்கள் வெள்ளாடு ஒன்றும் போய்விட்டது, ஓடைப்பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டிலும் பச்சை ஈ முட்டை வைத்தது. புழுக்கள் தின்பதை விட்டு மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் பிடித்து, தனித்தனி ஊறுகாய் பாட்டிலில் மண் போட்டு மூடி வைத்தேன். அணில் புழு முந்திக்கொண்டு கூடானது. ஈ வெளியே வந்த அன்றுதான் திடுக்கிட்டேன். ஆட்டு ஈயில் பாதிதான் அணில் ஈ. வீட்டுக்காரர், "குட்டி ஈ, வளரும் விடு" என்றார். வளராது. இறக்கை வந்த ஈ அதற்குமேல் ஒரு நூல்கூட வளராது. புழுவாக இருக்கும்போது தின்றதுதான் அதற்கு ஆயுசுக்கும் உடம்பு.

தளிப்பக்கம்:
அக்கா, இரை குறைவு மட்டுமே காரணமில்லை. இங்கே மார்கழியில் ஒரு கன்று செத்தது. உங்கள் ஊரில் ஐந்தாறு நாளில் முடிகிற வேலை இங்கே இரண்டு வாரம் இழுத்தது, வந்த ஈ எல்லாம் கொழுகொழுவென்று இருந்தது. வெயிலில் வளர்ச்சி ஓட்டமாக ஓடும், உடம்பு சேர நேரம் கிடைக்காது. ஒன்று மட்டும் மறக்கவே முடியாது. விடியற்காலை, பேசினால் வாயில் புகை வருகிற குளிர். புழுக்கூட்டத்துக்கு மேல் கையை நீட்டினேன், உள்ளங்கையில் அடுப்பு அனல்.

கிணற்றுமேடு (பென்னாகரம்):
அந்த அனல்தான் என் பதில், தம்பி. கூட்டம் நெருங்கித் தின்னும்போது காற்றைவிட 10 டிகிரிக்கு மேலும் சூடாகும். அப்புறம் அது எங்கே மார்கழியில் வளர்ந்தது? முட்டையும் பொடிப்புழுவும் குளிரில் கிடந்த நாட்கள்தான் இழுத்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணிலில் நடந்தது வேறு. ஒரு குறைந்தபட்ச எடையைத் தாண்டிய புழு, இரை தீர்ந்தால் இருக்கிற உடம்போடு கூடாகிவிடும். தாண்டாதது செத்துப்போகும். சின்ன ஈக்கு முட்டையும் குறைவு. இருந்தாலும் பிழைத்துக்கொள்கிறதே!

பட்டிக்காரர் (அரூர்):
எங்கள் குட்டிக்குத் தொப்புளில் புழு வைத்து, இரண்டு நாள் கவனிக்காமல் விட்டு, இழந்தோம். அதனால் சொல்கிறேன். செத்த உடம்பில் வளர்வது ஒன்று, உயிருள்ள சதையைத் துளைப்பது வேறு ஈயின் புழு. பிறந்த குட்டியின் தொப்புள், கொம்பு உடைந்த இடம், காயடித்த புண், காதில் வில்லை குத்திய இடம், எல்லாவற்றையும் தினமும் தொட்டுப் பாருங்கள். மேலே துளை சின்னதாகத்தான் தெரியும், உள்ளே பை போல இருக்கும். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்தால் மூச்சு முட்டி மேலே வரும், இடுக்கியால் ஒன்று விடாமல் எடுங்கள். அப்புறம் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. எடுத்த புழுவை மண்ணில் வீசாதீர்கள், அங்கேயே கூடாகி ஈயாக வரும். புண் ஆழம் என்றால் கைவைத்தியம் வேண்டாம், 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஊத்தங்கரை வாசகி:
அரூர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அணில் புழு மாதிரி உடம்பு சேரும் முன்பே அவசரமாகக் கூடாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோட்டோரம் அடிபட்டுச் செத்த நாய் ஒன்றில் பார்த்தேன். வழுவழுப்பான புழுக்களுக்கு நடுவே உடம்பெல்லாம் முள் முளைத்த மாதிரி வேறொரு இனம். அதில் ஒன்று வழுவழுப் புழுவை வளைத்துச் சுற்றிக்கொண்டு, அசையாமல் தின்றது. சுற்றப்பட்டது துடித்துத் துடித்து, கடைசியில் வெறும் தோலாகச் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் தின்று பெருக்கலாம் என்று நின்றால் இதுதான் கதி. அன்று ராத்திரி டார்ச் அடித்தேன். வழுவழுப் புழுக்கள் நாயை விட்டுப் புளியமரத்தடி மண்ணுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. நிறைய புழுக்களுக்கு இன்னும் உடம்பு நிரம்பவில்லை.